28 வயதில் இடுப்பு மூட்டு வலி: எம்ஆர்ஐயில் லேப்ரம் கிழிசல் என்றால் உடனே ஆர்த்ரோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமா?

#1 இறகுப்பந்து_கோவை | மார்ச் 4

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்காலம் தொட்டு இறகுப்பந்து ஆடி வருகிறேன். கடந்த ஆகஸ்ட் வரை வாரத்தில் நான்கு மாலைகள் களத்தில்தான் கழிந்தன. அந்த மாதத்தில் வலது தொடை இடுக்கில் ஆழமாக ஒரு வலி தொடங்கியது. வலை அருகே விழும் பந்தை எடுக்கக் காலை நீட்டி வைத்து, உடலைத் திருப்பிப் பின்னோக்கி எழும் கணத்தில் அது சுருக்கென்று தைக்கும். இப்போது விளையாடாத நாள்களிலும் ஸ்கூட்டரில் அரை மணி நேரம் சென்று இறங்கினால் முதல் நான்கைந்து அடிகள் நொண்டித்தான் நடக்கிறேன்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் "இடுப்பு வலி" என்று சொன்னேன். அவர் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்து, பெல்ட் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். மூன்று மாதம் அந்தப் பெல்ட்டைக் கட்டியும் பயனில்லாததால் வேறொரு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே நேரடியாக எம்ஆர்ஐ எடுத்தார்கள். "வலது இடுப்பு மூட்டில் லேப்ரத்தின் முன்மேல் பகுதியில் கிழிசல்" என்று அறிக்கை வந்தது. அதைப் படித்த மருத்துவர், நான் மேசையில் ஏறிப் படுப்பதற்குக்கூட அவசியமின்றி, அடுத்த வாரமே ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை) செய்து தைத்துவிடலாம் என்று கூறிச் செலவுக் கணக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டார். செய்துகொள்வதா, பொறுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். இதே நிலையைக் கடந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

#2 காலை_ஐந்து_மணி | மார்ச் 4

எனக்கு 31 வயதில் இதே அறிக்கை வந்தது. தொடை எலும்பின் பந்துப் பகுதியும் கழுத்துப் பகுதியும் சேருமிடத்தில் புடைப்பு இருந்தது. 'கேம்' வகை உராய்வு என்றார்கள். ஆர்த்ரோஸ்கோபியில் புடைப்பைச் செதுக்கி, கிழிந்த லேப்ரத்தையும் தைத்தார்கள். எட்டாவது மாதம் அரை மாரத்தான் ஓடினேன். என் அனுபவத்தில் தயக்கம்தான் பெரிய இழப்பு. சிகிச்சைக்கு முன்பு ஓராண்டை வீணாக்கியதுதான் எனக்கு இன்றும் உள்ள வருத்தம்.

#3 திருச்சி_பிசியோ | மார்ச் 5

சகோதரி, உங்கள் முதல் மூன்று மாதங்கள் வீணானதற்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெல்ட் கட்டுமிடம், கீழ்முதுகு, புட்டம், இடுப்பு மூட்டு ஆகிய நான்கையும் நாம் "இடுப்பு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இடுப்பு மூட்டின் வலியோ பெரும்பாலும் முன்பக்கம் தொடை இடுக்கில் தெரியும்; சிலருக்கு அது முழங்கால் வரை இறங்கும். ஆகவே என்னிடம் வருபவர்களிடம் வலியின் பெயரை நான் கேட்பதில்லை. வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்வேன். மூட்டுக்குள் கோளாறு உள்ளவர்கள் பலர் கட்டைவிரலைப் பின்புறமும் மற்ற விரல்களை முன்புறமும் வைத்து, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். கீழ்முதுகுச் சிக்கல் உள்ளவர்கள் உள்ளங்கையைப் பெல்ட்டுக்கு மேலே முதுகில் பதிப்பார்கள்.

அடுத்தது அந்த அறிக்கை. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஒரு எலும்புக் கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கிறது. லேப்ரம் என்பது அந்தக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள மென்மையான வளையம். அதில் கிழிசல் தெரிவது அப்படியொன்றும் அரிதன்று. இடுப்பில் எவ்வித வலியும் இல்லாத 45 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அவர்களில் 69 விழுக்காட்டினருக்கு லேப்ரம் கிழிசல் காணப்பட்டது. அவர்களின் சராசரி வயது 38க்குச் சற்றுக் குறைவு. எனவே கிழிசல் இருப்பது வேறு, வலிக்கு அந்தக் கிழிசல்தான் காரணம் என்பது வேறு.

சில கேள்விகள். இடுப்புக் கூட்டுக்கு, அதாவது இரண்டு மூட்டுகளும் ஒரே படத்தில் தெரியும்படி, எக்ஸ்ரே எடுத்தார்களா? இரவில் உறக்கம் கலையுமளவு வலி உண்டா? காய்ச்சல், எடைக்குறைவு ஏதேனும் உண்டா? வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்?

#4 இறகுப்பந்து_கோவை | மார்ச் 5

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வலிக்கும் இடத்தைக் காட்டிப் பார்த்தேன். என் கை தானாகவே பக்கவாட்டைக் கவ்விக்கொண்டது. இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. காய்ச்சலும் எடைக்குறைவும் இல்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் இரவில் விழிப்பு வருகிறது. பயிற்சி என்று பார்த்தால், இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக யூடியூபில் பார்த்த பட்டாம்பூச்சி ஆசனத்தையும் புறா ஆசனத்தையும் தினமும் இருபது நிமிடம் செய்கிறேன். சிறு வயதிலிருந்தே என் உடல் நன்றாக வளையும் என்பதால் இவை எனக்கு எளிது. ஆனால் செய்து முடித்த அன்று மாலையில் வலி கூடுகிறது என்பதை இப்போதுதான் இணைத்துப் பார்க்கிறேன்.

#5 மூட்டு_மருத்துவன் | மார்ச் 6

நான் எலும்பு மூட்டு அறுவை மருத்துவன். உங்களை நேரில் பரிசோதிக்காததால் இதைப் பொதுவான விளக்கமாக மட்டுமே கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எக்ஸ்ரே இல்லாமல் இந்த அறுவைக்கு நாள் குறித்திருக்கக் கூடாது. சில நூறு ரூபாய்ப் படத்தை விட்டுவிட்டுப் பல ஆயிரம் ரூபாய்ப் படத்தை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எம்ஆர்ஐ திசுவை நன்றாகக் காட்டும். கிண்ணம் பந்தை எந்த அளவுக்கு மூடியிருக்கிறது என்பதை அளக்க, நின்றபடி நேராக எடுத்த எக்ஸ்ரேயே இன்றும் முதல் கருவி.

இளம் வயதினரின் மூட்டுக்குள் தோன்றும் வலிக்கு எலும்பின் வடிவம் காரணமாக இருந்தால், அது பெரும்பாலும் இரண்டு எதிரெதிர் வழிகளில் நேர்கிறது. ஒன்று, இடம் போதாமை. பந்தும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருந்தாலோ, தொடையை மடக்கி உட்புறம் திருப்பும்போது எலும்பும் விளிம்பும் மோதி, நடுவில் சிக்கிய லேப்ரம் நைந்துபோகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 2003இல் விரிவாக விளக்கிய பிறகே இந்த உராய்வு உலகெங்கும் கவனம் பெற்றது. காலை_ஐந்து_மணி நண்பருக்கு இருந்தது இதுதான்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது: மூடல் போதாமை. கிண்ணம் ஆழமில்லாமல் சரிந்திருந்தால் எலும்பு தாங்க வேண்டிய சுமையை லேப்ரம் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தாங்கித் தடித்து, ஒருநாள் கிழிகிறது. இரண்டு பேரின் எம்ஆர்ஐ அறிக்கையிலும் எழுதப்படுவது "லேப்ரம் கிழிசல்" என்ற ஒரே வரிதான், ஆனால் இருவருக்கும் வேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு. கிண்ணம் ஆழமற்ற ஒருவருக்கு ஆர்த்ரோஸ்கோபி மட்டும் செய்து, விளிம்பைச் செதுக்கி, மூட்டுறையையும் திறந்தபடி விட்டுவிட்டால், ஏற்கெனவே தளர்ந்திருந்த மூட்டு இன்னும் தளர்ந்துபோகும். அப்படித் தளர்ந்து வந்தவர்களை மறுபடி சரிசெய்யும் வேலை எங்களுக்கு மிகக் கடினமானது.

இதை அளப்பதற்கு, 1939இல் சுவீடனைச் சேர்ந்த வைபெர்க் வரையறுத்த கோணம் உதவுகிறது. பந்தின் மையத்திலிருந்து நேர்மேலாக ஒரு கோடும், கிண்ணத்தின் வெளி விளிம்புக்கு ஒரு கோடும் இழுத்தால் இடையில் கிடைக்கும் கோணம் அது. 25 பாகைக்கு மேல் இருந்தால் மூடல் போதுமானது, 20க்குக் கீழே இருந்தால் ஆழமற்ற கிண்ணம், இடைப்பட்டது எல்லைக்கோடு. நாற்பதைத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சிய மூடல்.

நீங்கள் பெண், உடல் நன்றாக வளைகிறது, நீட்டல் பயிற்சி செய்தால் வலி கூடுகிறது. இந்த மூன்றையும் படித்தபோதே என் மனம் இரண்டாவது வழிப் பக்கம் சாய்ந்தது. படம் வரும்வரை அது ஊகம்தான். புறா ஆசனத்தை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

#6 நடைமேடை_எண்_4 | மார்ச் 6

இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. எனக்கு 33 வயது. தோல் அரிப்புக்காக மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி, விட்டுவிட்டு ஏறத்தாழ ஓராண்டு விழுங்கினேன். தொடை இடுக்கு வலி வந்தபோது எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தே ஐந்து மாதம் கழித்தேன். பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் இரண்டு பக்கமும் ஏவிஎன், அதாவது பந்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு மடிந்துகொண்டிருப்பது தெரிந்தது. இடப்பக்கம் பந்து இன்னும் அமுங்காததால் துளையிட்டு அழுத்தம் குறைக்கும் அறுவையைச் செய்து காப்பாற்ற முயன்றார்கள். வலப்பக்கம் தட்டையாகிவிட்டதால் மூட்டு மாற்றம் செய்தாயிற்று. எக்ஸ்ரே முதலில் வேண்டும் என்பது சரி. எக்ஸ்ரே நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 மூட்டு_மருத்துவன் | மார்ச் 6

மிகவும் முக்கியமான திருத்தம், நன்றி. ஸ்டீராய்டும் மதுவும் ஏவிஎன்னுக்கு முதன்மைக் காரணங்கள். தொடக்க நிலையில் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும்.

இதே வரிசையில் இன்னொன்றும் உண்டு. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகள் இரண்டே மாதத்தில் ஓட்டத்தைப் பல மடங்கு கூட்டுகிறார்கள். தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் விழுவது இவர்களுக்குத்தான். அடி வைத்தால் தொடை இடுக்கில் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் தாங்க முடியாது, எக்ஸ்ரேயோ பல வேளை சுத்தமாக இருக்கும். கழுத்தின் கீழ்ப்புறம் விழும் விரிசல் பெரும்பாலும் ஓய்விலும் ஊன்றுகோலிலும் ஆறிவிடும்; மேற்புறம் விழுவது முழு முறிவாகிப் பிரிந்துவிடும் ஆபத்துள்ளதால் காத்திருக்காமல் திருகாணி வைக்க வேண்டியிருக்கும். ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தால் இந்த ஐயம் இரட்டிப்பாக எழ வேண்டும்.

#8 பழைய_கோல்கீப்பர் | மார்ச் 8

என் கதையில் எலும்பின் வடிவத்தில் பிழை எதுவும் இல்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு விறைத்துக் கிடக்கும். மைதானத்தில் ஓடினால் சரியாகும். ஓய்வெடுத்தால் மறுபடி கூடும். விளையாட்டு வீரனுக்கு ஓய்வில் வலி கூடுவது விந்தை என்று எவரும் யோசிக்கவில்லை. ஒருமுறை கண் சிவந்து வலித்தபோது பார்த்த கண் மருத்துவர்தான் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார். அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகெலும்பையும் இடுப்பையும் சிலருக்குக் கண்ணையும் தாக்கும் அழற்சி மூட்டுவாதம் என்று உறுதியானது. மருந்தில் இருக்கிறேன், கத்தி படவில்லை.

#9 காலை_ஐந்து_மணி | மார்ச் 9

அனைவரும் நிதானத்தையே பேசுகிறீர்கள். ஆனால் எலும்பில் புடைப்பு இருக்கும்போது எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் அது கரையப்போவதில்லையே? அதுவரை குருத்தெலும்பு தேய்ந்துகொண்டுதானே இருக்கும்? மறுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

#10 திருச்சி_பிசியோ | மார்ச் 9

நியாயமான கேள்வி. பயிற்சி எலும்பை மாற்றாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலும்பு மோதும் அளவுக்கு மூட்டைக் கொண்டுபோகாமல் உடலை இயக்கக் கற்றுக்கொள்ள முடியும். புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள் வலுவடைந்து, குந்தும் ஆழமும் அடி வைக்கும் விதமும் மாறினால் வலி அடங்குபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். புடைப்பு இருந்தும் வாழ்நாள் முழுதும் வலியே இல்லாதவர்களும் பலர்.

உங்கள் பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் இத்தகைய உராய்வு உள்ள 348 பேரை ஆர்த்ரோஸ்கோபி, தனிப்பட்ட பயிற்சி என இரு பிரிவாக்கி ஒப்பிட்டு, அதன் முடிவை 2018இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினருமே முன்னேறியிருந்தார்கள்; இடுப்பு சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் நூறு புள்ளி அளவுகோலில் அறுவைப் பிரிவு 6.8 புள்ளி மேலே இருந்தது. நோயாளியால் உணரக்கூடிய குறைந்தபட்ச வேறுபாடு 6.1 என்பதால், அது மெய்யான வேறுபாடுதான், ஆனால் மலைக்க வைக்கும் வேறுபாடு அன்று. அதனால்தான் மூன்று மாதமாவது முறையான பயிற்சி, பிறகும் வலி விடாவிட்டால் அறுவை என்ற வரிசையை நான் சொல்கிறேன். முறையான பயிற்சி என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்; சூட்டுப் பெட்டியும் கரண்ட் வைப்பதும் பயிற்சி ஆகா.

#11 மூட்டு_மருத்துவன் | மார்ச் 10

ஒரு வரி மட்டும். அந்த ஆய்வு உராய்வு உள்ளவர்களைப் பற்றியது. ஆழமற்ற கிண்ணத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்க இயலாது. எதுவானாலும் வலி, கையால் செய்யும் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும் என்பதே 2016இல் இங்கிலாந்தின் வார்விக்கில் கூடிய பன்னாட்டு நிபுணர்கள் உராய்வுக்கு வகுத்த இலக்கணம். மூன்றும் பொருந்தாமல் ஐயம் நீடித்தால், மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்திவிட்டு வலிக்கும் அசைவைச் செய்யச் சொல்வோம். வலி சில மணி நேரம் மறைந்தால் அதன் மூலம் மூட்டுக்குள்தான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

#12 இறகுப்பந்து_கோவை | ஏப்ரல் 11

மீண்டும் வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். குறித்திருந்த அறுவை நாளைத் தள்ளிவைத்துவிட்டு, இடுப்பு மூட்டைக் காக்கும் அறுவையில் பழக்கமுள்ள இன்னொரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் எம்ஆர்ஐ உறையைப் பிரிக்கவே இல்லை. முதலில் நடக்கச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், பிறகு படுக்கவைத்துத் தொடையை மடக்கி உட்புறம் திருப்பினார். அதில் வலித்தது. பிறகு என்னை மேசையின் விளிம்புக்கு நகர்த்திக் காலைப் பின்னோக்கித் தாழ்த்தி வெளிப்புறம் திருப்பியபோது, வலியைவிட மூட்டு நழுவிவிடும் என்ற அச்சமே முந்திக்கொண்டது; என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "இதுதான் எனக்கு வேண்டியிருந்தது" என்றார்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் 16 பாகை, இடப்பக்கம் 22. படத்தை ஒளிப்பெட்டியில் வைத்துக் கோடு இழுத்துக் காட்டியபோது எனக்கே புரிந்தது: பந்தின் வெளிப்பகுதி கூரையில்லாத திண்ணைபோல வெளியே நிற்கிறது. குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருக்கிறதாம். நான் பிறந்த விதத்தைக் கேட்டார். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, "நீ தலைப்பிள்ளை, கால் முன்னால் வந்து ஆபரேஷன் செய்துதானே எடுத்தார்கள்" என்றார். கால் முன்னால் வரும் பிறப்பில், அதுவும் தலைப்பிள்ளையான பெண் குழந்தைகளுக்கு, கிண்ணம் ஆழமில்லாமல் அமையும் வாய்ப்பு கூடுதலாம். அம்மாவின் அந்த ஒரு வரிக்கு இருபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகு பொருள் கிடைத்தது.

கிண்ணத்தை வெட்டித் திருப்பி வைக்கும் பிஏஓ அறுவையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கேட்கவே அச்சமாக இருக்கிறது. செய்துகொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

#13 அரைமண்டி | ஏப்ரல் 12

இருக்கிறேன், தோழி. பரதநாட்டிய ஆசிரியை, 26 வயதில் இடப்பக்கம் செய்துகொண்டேன், இப்போது 32. அரைமண்டியில் முழங்கால் நன்றாக விரிகிறது என்று சிறுமியாக இருந்தபோது எல்லாரும் பாராட்டினார்கள். அந்த விரிவில் பாதி என் கிண்ணத்தின் குறைபாடு தந்தது என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அறுவை பெரியதுதான், மறைக்க மாட்டேன். முதல் மூன்று நாள்கள் கடினம். தொடையின் வெளிப்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு தோல் மரத்துப்போனது; இன்னமும் அங்கே முழு உணர்ச்சி திரும்பவில்லை. எட்டு வாரம் ஊன்றுகோல். குளியலறைக் கழிப்பிடத்தை முன்கூட்டியே மேலைநாட்டு வகைக்கு மாற்றியிருந்தோம், அது பெரிய உதவி. படிக்கட்டு உள்ள வீடானால் கீழ்த்தளத்துக்குக் கட்டிலை இறக்கிவிடுங்கள். நான்காம் மாதம் கைத்தடியில்லாமல் நடந்தேன்; ஓராண்டு ஆனது, அலாரிப்பு ஒன்றை முழுதாக ஆட. தட்டிக் குதிக்கும் அடவுகளைக் குறைத்துக்கொண்டேன். சம்மணமிட்டு உட்கார்கிறேன். வலி இல்லை, மழைநாளில் திருகாணி இருக்குமிடம் உறுத்துவதைத் தவிர.

#14 மூட்டு_மருத்துவன் | ஏப்ரல் 12

முன்பு குறிப்பிட்ட அதே கான்ஸின் குழுதான் 1984இல் பெர்னில் இந்த அறுவையைத் தொடங்கியது. கிண்ணத்தைச் சுற்றி வெட்டினாலும், இடுப்புக் கூட்டின் பின்தூண் முறியாமல் விடப்படுவதால் நோயாளி விரைவில் எழுந்து நடக்க முடிகிறது. அவர்கள் முதன்முதலில் செய்த 75 மூட்டுகளை இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது 60 விழுக்காடு மூட்டுகள் இன்னும் சொந்த மூட்டுகளாகவே இருந்தன. அவர்கள் கைபழகாத காலத்துக் கணக்கு அது. வயது குறைவாகவும் தேய்மானம் தொடங்காமலும் இருப்பவர்களுக்கே பலன் கூடுதல். உங்களுக்கு இரண்டும் சாதகம். எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை: தேய்மானம் முற்றியபின் வருபவர்களிடம் மூட்டு மாற்றத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

#15 காலை_ஐந்து_மணி | ஏப்ரல் 12

முதல் நாள் நான் தந்த ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன், சகோதரி. என் மூட்டுக்குச் சரியானதை உங்கள் மூட்டுக்கும் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் ஒரு கேள்வி: டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி செய்துகொண்டதுபோல உலோகத் தொப்பி வைத்துக்கொண்டால் சீக்கிரம் ஆடலாமே?

#16 மூட்டு_மருத்துவன் | ஏப்ரல் 13

மர்ரிக்கு 2018 ஜனவரியில் ஆர்த்ரோஸ்கோபி செய்தும் வலி தீராமல், 2019 ஜனவரியில் மேற்பரப்பை மட்டும் மாற்றும் அறுவை நடந்தது; அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் கோப்பையும் வென்றார். ஆனால் அவர் மூட்டு ஏற்கெனவே சிதைந்திருந்தது. பந்தின் அளவு சிறியதாக உள்ள பெண்களுக்கு உலோகத்தோடு உலோகம் உரசும் அந்த வகை சரிவரப் பயன்படவில்லை. நல்ல குருத்தெலும்பு இருக்கும்போது அதை எடுத்தெறிந்துவிட்டு உலோகம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

#17 இறகுப்பந்து_கோவை | மே 2

ஜூன் கடைசி வாரத்துக்கு நாள் குறித்துவிட்டேன். அதுவரை திருச்சி_பிசியோ எழுதிய வரிசையில் புட்டத்துக்கும் வயிற்றுக்கும் உரிய வலுப்பயிற்சி நடக்கிறது. ஆசனங்களை விட்ட மூன்றாவது வாரத்திலிருந்து இரவு விழிப்பு நின்றுவிட்டது. தங்கைக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது, அதுவும் கால் முன்னால் வந்த பிறப்பு. என் படத்தைக் காட்டி விவரம் சொன்னதும், குழந்தைகள் நல மருத்துவர் ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கால்களை நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று.

அரைமண்டி அக்கா, ஊன்றுகோலோடு கழிப்பறைக்குச் செல்லும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்தினீர்கள்? ஆசாரி நாளை வருகிறார்.

#18 அரைமண்டி | மே 2

கழிப்பிடத்தில் உட்கார்ந்த நிலையில் முழங்கையை மடக்கினால் கை எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள். அறுவை வலப்பக்கம் என்பதால் கைப்பிடி இடப்பக்கச் சுவரில் இருக்கட்டும். ஓடு மட்டும் உள்ள சுவரில் பொருத்த விடாதீர்கள். செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் திருகாணி வேண்டும்.